வடக்கே சூலம்

சிரிக்கத்தான் போகிறீர்கள், ஆன்ட்டி. வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது இல்லை. சிரிப்பு கடைசியில் இருக்கிறது. அது வருவதற்குள் நீங்களாகச் சிரித்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

கப்பல் வர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வரிசையில் சிவப்பு வேன் உங்களுடையதுதானே? அதற்கு நாலு வண்டி தள்ளி ஒரு சாம்பல் நிறக் கார், முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகிறதே, அது எங்களுடையது. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. கலியபெருமாள். ஏமாந்தவர் அவர்தான். ஐயோ, திரும்பாதீர்கள். சும்மா கடலைப் பார்ப்பது மாதிரி பாருங்கள்.

இல்லை, எனக்குக் குளிரவில்லை. ஓடி வந்த அவசரத்தில் ஜெர்கினை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

நீங்கள் டாய்லெட் வாசலில் நின்று தமிழில் புலம்பினீர்களே, அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவரிடம் சொல்லிவிட வேண்டியதுதான் என்று. "என்ன காத்துடி இது, ஆளையே உருட்டிட்டுப் போயிடும்போல." சரியாக வருகிறதா? கொஞ்சம் மூக்கால் பேசுகிறீர்கள், அதையும் சேர்த்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். யார் பேசினாலும் எனக்கு ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட் ஹாமில் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து கேட்டுப் பாருங்கள், அல்லி என்றால் போதும். தலைமை ஆசிரியை மாதிரி பேசி ஒரு வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தீ ஒத்திகை என்று நினைத்து வரிசையாகப் போய் நின்றார்கள். மழையில்.

அது வேறு கதை. இது ஜோசியர் கதை.

அப்பா லண்டனில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். எலும்பில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், ஆனால் பாபநாசம் ஜோசியரைக் கேட்காமல் ஒரு சட்டை வாங்க மாட்டார். எங்கள் பாபநாசம், தஞ்சாவூர் பக்கம். கார் வாங்கினால் ஜோசியர், வீடு மாறினால் ஜோசியர், என் பல்லுக்குக் கம்பி போட்டதுகூட ஜோசியர் குறித்துக் கொடுத்த வேளையில்தான். போனை எடுத்ததும் ஒரு செருமல். பிறகு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளுகிற சத்தம். பிறகு, "ஹூம். கேட்டுக்க தம்பி. ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்." ஆனால் எதையும் ரெண்டாவது தடவை சொல்வார். அதுதான் அவர். அது பத்து வயதிலேயே எனக்கு வந்துவிட்டது.

இந்த வருஷம் திடீரென்று அப்பா சொன்னார், ஸ்காட்லாந்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போகலாம், மலையெல்லாம் பார்க்கலாம் என்று. நாங்கள் எங்கேயும் போகிறவர்கள் இல்லை, ஆன்ட்டி. எனக்கு அப்போதே சந்தேகம். அம்மா ரைஸ் குக்கரை மூட்டை கட்டும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வடக்குக் கோடியில் தர்சோ என்று ஒரு ஊர். அதற்கு மேலே கடல்தான். அங்கே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு வேலை தருகிறார்களாம். குடும்பத்தோடு வந்து ஊரைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்கு.

என்னிடம் யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அப்பா எப்போதும் நைட் ஷிப்ட். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தூங்கப் போவார், நான் வரும்போது வேலைக்குக் கிளம்புவார். நடுவில் "சாப்பிட்டியா?" அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஆனால் ஜோசியரிடம் மட்டும் இருபது நிமிஷம். எனக்கு எரியுமா, எரியாதா?

அதனால்தான் செய்தேன். வருகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினபோது, அறை முகவரியைத் தேடு என்று அப்பா போனைக் கொடுத்தார். ஜோசியர் பெயரைத் திறந்து, அவர் நம்பரை எடுத்துவிட்டு, என்னுடைய பழைய போனின் நம்பரைப் போட்டுவிட்டேன். எல்லாம் ஒரு சிப்ஸ் பாக்கெட் தின்று முடிக்கிற நேரம்.

இனிமேல் ஜோசியர் நான்தான்.

இருங்கள், இது இன்னும் சிரிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை. இன்வர்னெஸ் பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தோம். வீட்டுக்காரம்மா எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘குட்டி’ போடுவார். குட்டி டீ குடிக்கிறீர்களா, வெளியே குட்டி மழை, அதோ ஒரு குட்டி மலை. மலை என்றால் மேகத்துக்குள் போய் நிற்கிறது. அன்றைக்கு வடக்கே கிளம்ப வேண்டும். அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என்னைப் பார்த்தார். "அல்லி, நீ போய்க் கைகால் கழுவிட்டு வா. நான் ஜோசியருக்கு ஒரு போன் போடணும்," என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எப்படிக் கழன்றுகொள்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போது அவரே வெளியே அனுப்புகிறார்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படியேதான். நான் பாத்ரூம் போனால் போன். நான் சாக்லேட் வாங்கப் போனால் போன். ஒருநாள் நான் போகவே இல்லை, உட்கார்ந்தே இருந்தேன். அவரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கடைசியில், "போய்க் காலாறக் கொஞ்சம் நடந்துட்டு வாயேன்," என்றார். எனக்கு இருக்கிற அதிர்ஷ்டம் யாருக்கும் இல்லை, ஆன்ட்டி.

ஏன் சிரிக்கிறீர்கள்? இது சிரிக்கிற இடம் இல்லை.

சரி. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, செருமினேன். "ஹூம். கேட்டுக்க தம்பி. செவ்வாய், புதன் வடக்கே சூலம். அந்தத் திசையில காரியமாப் போனா காரியம் முறிஞ்சுபோகும். ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். வடக்கே சூலம்." இதில் பொய்யே இல்லை, பஞ்சாங்கத்தில் இருப்பதுதான். அப்பா உடனே, அதற்குத்தான் பரிகாரம் உண்டே, பால் குடித்துவிட்டுக் கிளம்பலாமே என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை. நம்ம ஊர்க் குளியலறையாக இருந்தால் வேர்த்திருக்கும். "டப்பா பாலுக்கெல்லாம் பலன் கிடையாது தம்பி. கறந்த சூட்டுல குடிக்கணும்," என்று அடித்துவிட்டேன்.

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? எவர்சில்வர் தம்ளரை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போய், மாடு இருக்கிறதா என்று கேட்டார். அந்தம்மா பின்பக்க வேலியைக் காட்டினார். அங்கே ஒரு மாடு. முடி நெற்றியிலிருந்து மூக்குவரைக்கும் தொங்குகிறது. கொம்பு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் தம்ளரோடு நிற்கிறார். அது முடிக்குள்ளிருந்து அவரைப் பார்க்கிறது. பார்க்கிறதா என்றே தெரியவில்லை. ஜன்னலிலிருந்து அம்மா, "என்னங்க, அதுக்குக் கண்ணே தெரியலை, வந்துடுங்க," என்கிறாள். அப்பா திரும்பி வந்து தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. "ஜோசியர் சொன்னா சரியாத்தான் இருக்கும். மேற்கே போவோம்," என்றார்.

அப்படித்தான் இந்தத் தீவுக்கு வந்தோம். வருகிற ரோடு ஒற்றை ரோடு, ஆன்ட்டி, நீங்களும் வந்திருப்பீர்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே ஒரு திட்டு. ஒதுங்கினால் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போவார். அம்மா முதலில் திட்டுகிறார்கள் என்று நினைத்தாள். நன்றி சொல்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, வருகிற வண்டிக்கெல்லாம் கண்ணாடி வழியாகக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள். ஒரு தபால்காரர் வண்டியையே நிறுத்திவிட்டார், ஏதோ உதவி கேட்கிறோம் என்று.

புதன்கிழமையும் வடக்கே சூலம். அன்றைக்கு முழுக்கத் தீவைச் சுற்றினோம். சுற்றினோம் என்றால் சுற்றினோம். ஒரே ஆட்டை மூன்று தடவை பார்த்தேன், முதுகில் நீலச் சாயம் அடித்த ஆடு, மூன்றாவது தடவை அது எங்களை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி எழுந்து நின்றது. என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. எங்கே நின்றாலும் அப்பா மேப்பைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். மேப்பில் வடக்கு மேலேதானே இருக்கிறது.

சாயங்காலம் ஒரு அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் படம் எடுக்கப் போனேன். போன் அடித்தது. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தேன். நான் "ஹூம்" என்றதும் பக்கத்தில் ஒரு ஆடு மே என்றது. பெரிய தொண்டை அதற்கு. அப்பா, "ஜோசியரே, அங்க ஆடு கத்துதே?" என்றார். "வளர்க்கறேன் தம்பி, போன மாசம் வாங்கினேன்," என்றேன். "நல்லது, பால் கறந்த சூட்டுல கிடைக்கும்," என்றார். நம்பிவிட்டார். பாபநாசத்தில் அப்போது நடுராத்திரி, ஆன்ட்டி. நடுராத்திரியில் ஜோசியர் முதல் மணியிலேயே போனை எடுக்கிறாரே என்றுகூட அந்த மனுஷருக்குத் தோன்றவில்லை. விரிசல் கண்டுபிடிக்கிறவராம்.

மறுபடியும் சிரிக்கிறீர்கள். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறீர்களே. கொஞ்சம் மீதி வையுங்கள்.

அன்றைக்கு ராத்திரி அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தொண்டைக்கு நல்லது, குடி என்றாள். எனக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் குடித்தேன், சூடாக இருந்தது.

வியாழக்கிழமை சிக்கல். அன்றைக்குச் சூலம் தெற்கே. வடக்கே போகத் தடையே இல்லை. அதனால் சந்திராஷ்டமம் என்று போட்டேன். "உன் ராசிக்குச் சந்திரன் எட்டுல போறான் தம்பி. புது ஊர்ல கால் வைக்காதே, புது முடிவு எடுக்காதே." அம்மாவின் போனில் பஞ்சாங்கம் இருக்கிறது. நான் காருக்குத் திரும்பி வரும்போது அம்மா அதைத் திறந்து தேதியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா போனை மூடிக் கைப்பைக்குள் போட்டாள். "சந்திராஷ்டமம்தாங்க," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னால் அது பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. எனக்கு உள்ளே ஏதாவது சக்தி இருக்குமோ என்னவோ.

அன்றைக்கு இன்னொரு போன் வந்தது. அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி. அதைச் சொல்லாமல்கூட விட்டுவிடலாம். சரி, சொல்கிறேன். நான் ஒரு கடையின் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நிற்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கொசு மாதிரி ஒன்று இங்கே பிடுங்குமே, அது முகமெல்லாம் பிடுங்குகிறது. அப்பா திசையே கேட்கவில்லை.

"ஜோசியரே, கிரகத்தை விடுங்க. எம் பொண்ணுக்கு அந்த ஊர் ஏன் புடிக்கலை?"

என்ன சொல்வது? சும்மா வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். "பொண்ணுக்கு வாக்கு ஸ்தானத்துல தோஷம் தம்பி. ஊர் மாறினா வாய் அடைச்சுப்போகும். லண்டனுக்கு வந்த முதல் வருஷம் ஸ்கூல்ல ஒரு வார்த்தை பேசலை. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டுப் போய் மாடிப்படிக்கு அடியில உட்கார்ந்துக்கும். அப்புறம் ஒருநாள் கணக்கு வாத்தியார் மாதிரி பேசிக் காட்டுச்சு. அன்னிக்குத்தான் நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. இன்னொரு ஊர்ல போய் முதல்லேருந்து ஆரம்பிக்க அதால ஆகாது."

பிறகு அப்பா சொன்னார், "அந்த வருஷம் தொண்டையில கோளாறுன்னு நினைச்சு நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், ஜோசியரே." என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு அப்பா, "நீங்க எதையும் ரெண்டு தடவை சொல்வீங்களே. இதையும் இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். ரெண்டாவது தடவை ஜோசியர் குரல் கொஞ்சம் பிசகியது. அந்த மாடிப்படி வரும் இடத்தில். குளிர்தான். அப்பா ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கார் ஓட்டினதைப் பார்க்க வேண்டுமே. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு. எதிரே வருகிறவர்களுக்கு விரல்கூடத் தூக்கவில்லை. தோஷம் என்றதும் பயந்துவிட்டார், பாவம். நடுவில் திடீரென்று என்னைக் கேட்கிறார், அந்தக் குட்டி டீ அம்மா மாதிரி பேசிக் காட்டு என்று. அப்பா என்னை அப்படிக் கேட்டதே இல்லை. காட்டினேன். பிறகு தபால்காரர். பிறகு அந்த ஆடு. அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். ரெண்டு மணி நேரம், ஆன்ட்டி. தொண்டை கட்டுகிறவரைக்கும் பேசினேன்.

அந்த வேலையா? அப்பாவுக்குப் பிடித்திருக்கும்தான். பகல் வேலை. ராத்திரி வீட்டில் தூங்கலாம். தோட்டம் வைத்த வீடு தருகிறார்களாம், அம்மா கத்தரி போட முடியுமா என்று யூடியூபில் தேடிக்கொண்டிருந்தாள். அதெல்லாம் இப்போது எதற்குக் கேட்கிறீர்கள்? சிரிப்புக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் தோட்டத்தைக் கேட்கிறீர்கள்.

இன்றைக்குக் காலையில் ஜோசியர் கடைசித் தீர்ப்பு சொன்னார். தெற்கே போ என்று. இந்தக் கப்பலில் ஏறினால் அக்கரை, அக்கரையிலிருந்து நேரே கீழே லண்டன். ஏறாமல் காரைத் திருப்பினால் பாலம், பாலத்தைத் தாண்டி ஒரே பிடியாக வடக்கே ஓட்டினால் ஆஸ்பத்திரி மூடுவதற்குள் போய்விடலாம். அப்பா ரெண்டுக்கும் நடுவில் வரிசையில் நிற்கிறார். கப்பலில் ஏறிவிட்டால் முடிந்தது, தர்சோ இல்லை, ஒன்றும் இல்லை. நான் ஜெயித்துவிடுவேன். அதுதான் சிரிப்பு. ஒரு பெரிய மனுஷர், மீசை வைத்தவர், நாலு நாளாகப் பதினாறு வயசுப் பெண்ணின் வாயைக் கேட்டு ஸ்காட்லாந்து முழுக்க மேற்கேயும் கிழக்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறார், பின்சீட்டில் அந்தப் பெண் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறது. லண்டனுக்குப் போனதும் நம்பரை மாற்றி வைத்துவிடுவேன். ஆயுசுக்கும் தெரியாது.

அதோ கப்பல். வெள்ளையாகத் தெரிகிறதே. நான் சொன்னேன் இல்லையா, சரியான நேரத்துக்கு.

இருங்கள், இருங்கள். அடிக்கிறது. பழைய போன். பார்த்தீர்களா, அப்பா. நான் எழுந்து வந்தேன் இல்லையா, உடனே போன். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்கள் மூச்சுவிடக் கூடாது. காற்றுக்கு முதுகைக் காட்டி இப்படி நில்லுங்கள். ம்.

"ஹூம். சொல்லு தம்பி."

"ஜோசியரே, கப்பல் வந்துடுச்சு. ஏறவா, வடக்கே திருப்பவா? நீங்க சொல்றதுதான்."

"கேட்டுக்க தம்பி. ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். ஏறிடு. தெற்கே போ." வெற்றிலைச் சத்தம் கேட்டதா, ஆன்ட்டி? நாக்கை மடித்தால் வரும். "தெற்கே போ."

"சரிங்க. அங்க கூப்பிட்டு வரலைன்னு சொல்லிடறேன். நைட் ஷிப்ட் எனக்குப் பழகினதுதான். பொண்ணு வாயைத் திறந்து பேசிட்டே இருக்கட்டும், எனக்கு அது போதும்."

அவ்வளவுதான். முடிந்தது. போனைக் கையால் மூடிக்கொண்டேன், கேட்காது. இதுதான் அந்த இடம், ஆன்ட்டி. இப்போது சிரிக்கலாம். சிரியுங்கள், நீங்கள்தானே அப்போதிலிருந்து அவசரப்பட்டீர்கள். ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? இருங்கள், இன்னும் ஏதோ சொல்கிறார்.

"இன்னொண்ணு, ஜோசியரே. காத்து ஜாஸ்தியா இருக்கு. ஜெர்கினைப் பின்சீட்டுலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க, முன்னாடி வண்டியெல்லாம் நகருது."

ஆன்ட்டி.

காருக்கு வெளியே அம்மா நிற்கிறாள். கையில் என் பச்சை ஜெர்கின்.

சிரிக்காதீர்கள், ஆன்ட்டி. அப்பா இன்னும் லைனில்தான் இருக்கிறார். நான் இப்போது எந்தக் குரலில் பேசுவது?